சைக்கோபை பில்டரில் ஒரு சோதனையின் பாகங்களை இன்னொன்றுக்குக் கொண்டுபோவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உளவியல், நரம்பறிவியல் ஆய்வகங்களில் புதிதாகச் சேரும் மாணவர் வெற்றுத் திரையிலிருந்து சோதனை அமைப்பது அபூர்வம். முன்னால் இருந்தவரின் கோப்பைத் திறந்து, அதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோனதன் பியர்ஸ் தொடங்கிய சைக்கோபை, இத்தகைய சோதனைகளைக் கணினியில் அமைத்து ஓட்டும் மென்பொருள். பாகங்களைக் கிளிக் செய்து அடுக்கிச் சோதனை அமைக்கும் அதன் சாளரமான பில்டரில் இது சுலபம்தான். ஆனால் எடுத்தது ஏன் ஓடவில்லை என்ற கேள்வி மட்டும் ஓய்வதே இல்லை. திரும்பத் திரும்பக் காதில் விழும் சந்தேகங்கள் இங்கே, கேட்டவர்களின் பேச்சிலேயே.

சொற்களை ஒருமுறை சொல்லிவிடலாம். எழுத்து, படம், ஒலி, விசைப்பலகை போன்ற ஒவ்வொன்றும் ஒரு காம்பொனென்ட். அவை சேர்ந்து நேரக்கோட்டில் நிற்கும் ஒரு தொகுப்பு, ரொட்டீன். ரொட்டீன்கள் எந்த வரிசையில் ஓடும் என்பதைக் காட்டும் கீழ்ப்பட்டை, ஃப்ளோ. ஃப்ளோவில் ஒரு பகுதியைத் திரும்ப ஓட்டுவது லூப். லூப்பின் சுற்றுகளில் எதைக் காட்ட வேண்டும் என்று வரிசை வரிசையாக எழுதிய அட்டவணைக் கோப்பு, கண்டிஷன்ஸ் ஃபைல். இத்தனையும் சேர்ந்து 'சைஎக்ஸ்ப்' என்ற நீட்டிப்புள்ள ஒரே கோப்பில் சேமிக்கப்படுகிறது.

1. ஒரு எக்ஸ்பெரிமென்ட்ல செஞ்ச ரொட்டீனை இன்னொண்ணுக்கு எடுத்துட்டுப் போக முடியுமா, இல்ல முதல்லேர்ந்து செய்யணுமா?

முடியும். பழைய சோதனையைத் திறந்து, வேண்டிய ரொட்டீனின் தாவலைத் தேர்ந்து, எக்ஸ்பெரிமென்ட் மெனுவில் 'காப்பி ரொட்டீன்' கொடுங்கள் (கண்ட்ரோல் + ஷிஃப்ட் + சி). பிறகு ஃபைல் மெனுவில் 'நியூ' கொடுத்து இன்னொரு பில்டர் சாளரம் திறந்து, அதில் புதிய சோதனையைத் திறந்து 'பேஸ்ட் ரொட்டீன்' கொடுங்கள் (கண்ட்ரோல் + ஷிஃப்ட் + வி). புதுப்பெயர் கேட்கும். கொடுத்ததும் புதிய தாவலாக வந்து நிற்கும்.

புதிய சோதனைக்கு முதலிலேயே தனி ஃபோல்டர் ஒன்றை உண்டாக்கி, அதில் சேமித்துவிட்டு ஒட்டுங்கள். படம், ஒலி, கண்டிஷன்ஸ் ஃபைல் எல்லாவற்றின் பாதையும் சைஎக்ஸ்ப் கோப்பு இருக்கும் இடத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. சேமிக்காத சோதனைக்கு அந்த இடம் என்ற ஒன்றே கிடையாது.

2. காப்பி பண்ணேன். அந்தப் பக்கம் போய் பேஸ்ட் கொடுத்தா ஒண்ணுமே நடக்கல.

காப்பி செய்தது கணினியின் பொதுக் கிளிப்போர்டுக்குப் போகவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சைக்கோபையின் நினைவிலேயே இருக்கிறது. விண்டோஸில் இரண்டாவது கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால், பல பதிப்புகளில் சைக்கோபையே இரண்டாவது முறை தனியாகத் தொடங்கிவிடும். பார்வைக்கு இரண்டு சாளரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் ஒன்றில் காப்பி செய்தது மற்றதற்குத் தெரியாது.

இரண்டாவதை மூடிவிட்டு, முதல் சாளரத்திலிருந்தே கேள்வி 1-இல் சொன்னபடி 'நியூ' கொடுத்துத் திறங்கள். நினைவில் ஒரு நேரத்தில் ஒரு ரொட்டீன்தான் நிற்கும், செயலியை மூடினால் அதுவும் போய்விடும். நான்கு ரொட்டீன் வேண்டுமென்றால் நான்கு முறை போய்வர வேண்டியதுதான்.

3. முழு ரொட்டீன் வேணாம், அதுல இருக்கிற ஒரு படம் மட்டும் போதும்.

அந்தக் காம்பொனென்ட்டின் மேல் வலக்கிளிக் செய்து 'காப்பி', பிறகு போய்ச் சேர வேண்டிய ரொட்டீனில் எக்ஸ்பெரிமென்ட் மெனுவின் 'பேஸ்ட் காம்பொனென்ட்' (கண்ட்ரோல் + ஆல்ட் + வி). தொடங்கும் நேரம், அளவு, இடம், நிறம் எல்லாம் கூடவே வரும். ஒட்டிய பிறகு மேல்-கீழ் வரிசையைப் பாருங்கள். கீழே இருப்பது திரையில் மேலே வரையப்படும். பின்னணிப் படத்தைக் கடைசியில் ஒட்டினால் எழுத்தை மூடிவிடும்.

4. பேஸ்ட் ஆயிடுச்சு, தாவல்ல தெரியுது. ஓட்டினா மட்டும் அந்தத் திரை வரவே மாட்டேங்குது.

ஃப்ளோவில் செருகவில்லை. தாவலில் இருப்பதெல்லாம் ஓடாது, ஃப்ளோவில் இருப்பது மட்டுமே ஓடும். 'இன்சர்ட் ரொட்டீன்' கொடுத்து, பெயரைத் தேர்ந்து, கோட்டில் வேண்டிய புள்ளியில் கிளிக் செய்யுங்கள்.

5. ரொட்டீன் வந்துச்சு, லூப் ஏன் கூட வரல?

லூப் ரொட்டீனுக்குச் சொந்தமானதல்ல, ஃப்ளோவுக்குச் சொந்தம். காப்பி செய்தது பெட்டியை மட்டும், சுற்றியிருந்த வளையத்தை அல்ல. ஆகவே புதிய சோதனையில் 'இன்சர்ட் லூப்' கொடுத்து நீங்களே போட வேண்டும். பழையதில் லூப்பைக் கிளிக் செய்து ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: லூப்பின் பெயர், வகை, எத்தனை தடவை, எந்தக் கண்டிஷன்ஸ் ஃபைல், எந்த வரிசைகள் தேர்வாகியுள்ளன.

இதில் பெயரையும் வகையையும் பலர் விட்டுவிடுகிறார்கள். கோட் காம்பொனென்ட்டில் (நாமே பைதான் வரிகளை, அதாவது கோடு, எழுதும் காம்பொனென்ட்) 'ட்ரையல்ஸ்' என்ற லூப்பின் எத்தனையாவது சுற்று என்று கேட்கும் வரி இருந்தால், புதிய லூப்புக்கும் அதே பெயர் வேண்டும். வகையில் 'ராண்டம்' என்பது ஒவ்வொரு சுற்றுக்குள்ளும் கலைப்பது, 'ஃபுல்ராண்டம்' எல்லாச் சுற்றுகளையும் ஒன்றாகப் போட்டுக் கலைப்பது. இரண்டாவதில் ஒரே தூண்டல் (காட்டும் படம் அல்லது சொல்) தொடர்ந்து இரண்டு, மூன்று முறை வரவும் வாய்ப்பு அதிகம். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் சோதனை ஓடத்தான் செய்யும், ஆனால் அது வேறு வடிவமைப்பு.

கண்டிஷன்ஸ் ஃபைலையும் தூண்டல் ஃபோல்டரையும் புதிய ஃபோல்டருக்குள் அதே உள்ளமைப்புடன் கையால் நகலெடுங்கள். பில்டர் அவற்றைக் கொண்டுவராது. தமிழ்ச் சொற்களைத் தூண்டலாக வைப்பவர்கள் எக்செல் கோப்பாகவே வைத்திருப்பது நல்லது. எக்செலில் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். சிஎஸ்விதான் வேண்டுமென்றால் யுடிஎஃப்-8 வகையைத் தேர்ந்து சேமியுங்கள்.

6. 'நேம் எரர்… நாட் டிஃபைன்ட்'னு வருது. பழைய ஃபைல்ல நல்லா ஓடினது!

ரொட்டீன் ஏதோ ஒரு மாறியைக் கேட்கிறது, அதைத் தர வேண்டியது புதிய சோதனையில் இல்லை. மூன்று இடங்களில் தேடுங்கள். முதலில், கண்டிஷன்ஸ் ஃபைலின் முதல் வரிசைத் தலைப்புகள்: ரொட்டீனில் டாலர் குறியுடன் எழுதிய பெயரும் தலைப்பும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், பெரிய எழுத்து சின்ன எழுத்து உட்பட. அடுத்து, தொடக்கத்தில் பங்கேற்பாளர் விவரம் கேட்கும் பெட்டி: அதிலிருந்து 'குரூப்', 'செஷன்' போன்ற புலத்தைக் கோடு படித்தால், புதிய சோதனையின் செட்டிங்ஸிலும் அந்தப் புலத்தைச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, பழைய சோதனையின் வேறொரு ரொட்டீனில் இருந்த கோட் காம்பொனென்ட். எண்ணிக்கையைத் தொடங்கிவைக்கும் வரி வரவேற்புத் திரையில் இருந்திருக்கும். அந்தத் திரையை நீங்கள் எடுத்து வந்திருக்க மாட்டீர்கள்.

தலைப்பெல்லாம் சரியாக இருந்தும் இதே பிழை வந்தால், அந்தப் புலத்தின் பக்கத்திலுள்ள தேர்வு 'கான்ஸ்டன்ட்' என்று நிற்கிறதா என்று பாருங்கள். 'செட் எவ்ரி ரிப்பீட்' என்று மாற்ற வேண்டும். லூப் தொடங்குவதற்கு முன்பே மதிப்பைக் கேட்டால் கிடைக்காது.

7. பேஸ்ட் பண்ணதும் பேருக்குப் பின்னாடி _2 ஒட்டிக்கிச்சு. விட்டுடலாமா?

விடாதீர்கள். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான், ஏனென்றால் இங்கே பிழைச்செய்தி வராமலேயே எல்லாம் தப்பாகப் போக முடியும்.

ஒரு சோதனைக்குள் எந்த இரண்டு காம்பொனென்ட்டுக்கும் ஒரே பெயர் இருக்க முடியாது, வெவ்வேறு ரொட்டீனில் இருந்தாலும்கூட. மோதினால் பில்டர் வருவதற்கு _2 போடும். ஆனால் கோட் காம்பொனென்ட்டுக்குள் நீங்கள் எழுதிய வரிகளை அது தொடாது. ஓர் உதாரணம்: உங்கள் சோதனையில் ஏற்கெனவே ஃபிளாங்கர் பணி (நடு அம்பு எந்தப் பக்கம் என்று சொல்வது) இருக்கிறது, அதன் விசைப்பலகைக்கு 'கீ_ரெஸ்ப்' என்று பெயர். ஸ்ட்ரூப் பணியின் (சொல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று சொல்வது) ட்ரையல் (ஒரு சுற்று), ஃபீட்பேக் (விடை சரியா தவறா என்று காட்டும் திரை) இரண்டு ரொட்டீன்களையும் வேறு கோப்பிலிருந்து ஒட்டுகிறீர்கள். ஸ்ட்ரூப்பின் விசைப்பலகை 'கீ_ரெஸ்ப்_2' ஆகிறது. ஃபீட்பேக்கில் உள்ள கோடோ இன்னமும் 'கீ_ரெஸ்ப்' சரியா தவறா என்றுதான் பார்க்கிறது. அந்தப் பெயரும் இருக்கிறதே, அதனால் பிழை வராது. ஃபிளாங்கரின் கடைசிச் சுற்றில் பங்கேற்பாளர் சரியாக அழுத்தியிருந்தால், ஸ்ட்ரூப் முழுவதும், என்ன அழுத்தினாலும், 'சரி' என்றே வரும். தரவுக் கோப்பில் 'கீ_ரெஸ்ப்_2' நெடுவரிசை ஒழுங்காகத்தான் இருக்கும், எனவே பகுப்பாய்விலும் மாட்டாது. பொய்யான பின்னூட்டம் பார்த்துச் செய்தவரின் தரவு மட்டும் கையில் இருக்கும்.

பெயரை உடனே பணியின் பெயரோடு மாற்றுங்கள், 'ஸ்ட்ரூப்_ரெஸ்ப்' என்பதுபோல. பிறகு பழைய பெயரைத் தேடி ஒவ்வோர் இடத்திலும் மாற்றுங்கள். அண்மைப் பதிப்புகளில் கண்ட்ரோல் + எஃப் கொடுத்தால் சோதனை முழுவதும் தேடும். கோடு மட்டுமல்ல, மவுஸ் காம்பொனென்ட்டின் 'கிளிக்கபிள் ஸ்டிமுலை' பட்டியல், நிறுத்தும் நிபந்தனை ஆகியவற்றிலும் பெயர்கள் ஒளிந்திருக்கும். கடைசியாக, வேண்டுமென்றே தப்பான விசையை அழுத்தி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் சரியாக அழுத்திச் சோதிப்பவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

கோடுக்குள் நீங்களே உண்டாக்கிய மாறிகளுக்கு இந்த _2 பாதுகாப்பும் இல்லை. இரண்டு பணியும் 'ஸ்கோர்' என்ற ஒரே மாறியில் கூட்டினால், இரண்டாவது பணி முதல் பணியின் மதிப்பெண்ணிலிருந்து தொடரும்.

8. படம் காணாமப் போச்சு. இல்லன்னா திரை முழுக்க ஒரே நிறமா நிக்குது.

அலகுப் பிரச்சினை. காம்பொனென்ட்டின் அலகு வழக்கமாக 'ஃப்ரம் எக்ஸ்பெரிமென்ட் செட்டிங்ஸ்' என்றே இருக்கும். செட்டிங்ஸ் காப்பியில் வராது. பழையது பிக்செலில், புதியது 'ஹைட்' அலகில் என்றால், 300 என்ற அளவு 300 பிக்செல் என்பதிலிருந்து 300 திரை உயரம் ஆகிவிடும். படத்தின் ஒரு துளி மட்டும் திரையை நிறைக்கும். தலைகீழாக, 0.3 என்ற ஹைட் அளவு பிக்செலில் ஒரு புள்ளிக்கும் குறைவு. எழுத்தின் உயரம் 0.05 என்றாலும் அதே கதி.

எடுப்பதற்கு முன்பே, மூலக் கோப்பில் ஒவ்வொரு காம்பொனென்ட்டிலும் அலகை வெளிப்படையாகத் தேர்ந்துவிடுவது சிறந்த வழி. டிகிரி, சென்டிமீட்டர் அலகுகளுக்கு அதுவும் போதாது. திரையின் அகலம், பார்க்கும் தூரம், பிக்செல் எண்ணிக்கை மூன்றும் மானிட்டர் சென்டர் என்ற சைக்கோபைக் கருவியில், அந்தக் கணினியில்தான் பதிந்திருக்கும், சோதனைக் கோப்பில் அல்ல. புதிய கணினியில் அந்தப் பெயரில் மானிட்டரை உண்டாக்கி அளந்து போடுங்கள்.

9. எங்க லேப்ல 200 மில்லிசெகண்ட் காட்டின படம், இன்னொரு லேப்ல கண் சிமிட்டறதுக்குள்ள போயிடுது. ரொட்டீன் ஒண்ணுதானே?

கால அளவை ஃபிரேம் எண்ணிக்கையில் கொடுத்திருப்பீர்கள் (திரை ஒருமுறை புதுப்பிக்கப்படுவது ஒரு ஃபிரேம்). 60 ஹெர்ட்ஸ் திரையில் 12 ஃபிரேம் 200 மில்லிசெகண்ட். 144 ஹெர்ட்ஸ் திரையில் அதே 12 ஃபிரேம் சுமார் 83 மில்லிசெகண்ட்தான். துல்லியத்துக்கு ஃபிரேம் நல்லது, ஆனால் அது திரையோடு கட்டப்பட்டது. இடம் மாறும் ரொட்டீனில் ஃபிரேம் எண்ணைப் புதிய திரைக்கு மறுபடி கணக்கிடுங்கள், அல்லது நொடியில் கொடுங்கள்.

இஇஜி (மூளையின் மின்னலைகளைப் பதியும் கருவி) வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அந்தக் கருவிக்குக் குறியீடு அனுப்பும் பேரலல் போர்ட்டின் முகவரியும் ரொட்டீனோடு அப்படியே வரும். 0எக்ஸ்0378 என்பது பழைய கணினியில் சரியாக இருந்திருக்கலாம், செருகு அட்டை போட்ட கணினியில் பெரும்பாலும் வேறு. தவறான முகவரிக்கு அனுப்பினால் பல நேரம் பிழை காட்டாது, பதிவில் குறியீடுகள் மட்டும் இருக்காது.

10. பயிற்சிச் சுற்றுக்கும் மெயின் சுற்றுக்கும் ஒரே ரொட்டீன்தான். காப்பி எடுத்து ரெண்டா வச்சுக்கட்டுமா?

வேண்டாம். ஒரே சோதனைக்குள் காப்பி எடுக்கவே தேவையில்லை. அதே ரொட்டீனை ஃப்ளோவில் எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் செருகலாம். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாறும். காப்பி எடுத்தால் பயிற்சியில் எழுத்து பெரிதாக, மெயினில் சிறிதாக என்று மெல்ல மெல்லப் பிரிந்துவிடும், கேள்வி 7-இன் தலைவலியும் சேரும்.

இன்னும் சுத்தமான வழி: வெளியே ஒரு லூப், உள்ளே ஒரு லூப். வெளி லூப்பின் கண்டிஷன்ஸ் ஃபைலில் இரண்டு வரிசை, ஒவ்வொன்றிலும் உள் லூப்புக்கான கோப்பின் பெயரும், 'பயிற்சி' அல்லது 'மெயின்' என்ற கட்டமும். உள் லூப்பின் கண்டிஷன்ஸ் இடத்தில் டாலர் குறியுடன் அந்த மாறி. ஃபீட்பேக் பயிற்சிக்கு மட்டும் வேண்டுமென்றால், அந்த ரொட்டீனின் 'பிகின் ரொட்டீன்' பகுதியில் கட்டம் 'மெயின்' என்றால் 'கன்டின்யூ ரொட்டீன்' என்பதை ஃபால்ஸ் ஆக்கிவிடுங்கள். திரை வராமலே கடந்துவிடும். வேறு திட்டத்துக்குப் பயிற்சியே வேண்டாம் என்றால் எக்செலில் ஒரு வரிசையை நீக்கினால் போதும், பில்டரைத் தொடவே வேண்டாம்.

11. மூல ஃபைல்ல ஒரு தப்பைத் திருத்தினா, அதுலேர்ந்து எடுத்த எல்லா எக்ஸ்பெரிமென்ட்லயும் தானா மாறிடுமா?

மாறாது. காப்பி என்பது அந்த நேரத்து நகல், பின்னால் எந்தத் தொடர்பும் இல்லை. அதனால் எதை எங்கே எடுத்தோம் என்பதை நீங்கள்தான் குறித்துவைக்க வேண்டும். ரொட்டீனின் முதல் கோட் காம்பொனென்ட்டில் ஒரு குறிப்புவரி போதும்: எந்தக் கோப்பிலிருந்து, எந்தத் தேதியில்.

ஆய்வகத்துக்கென்று ஒரு 'நூலகக் கோப்பு' வைத்திருப்பதைச் சிபாரிசு செய்கிறோம். ஒப்புதல் திரை, குறிப்புத் திரை, குறுக்குக் குறி, ஃபீட்பேக், இடைவேளை, நன்றித் திரை, இவ்வளவு போதும். ட்ரையலை அதில் வைக்காதீர்கள், அது ஒவ்வொரு திட்டத்துக்கும் மாறும். ஒவ்வொரு ரொட்டீனிலும் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோட் காம்பொனென்ட் வைத்து, வெளியிலிருந்து அது எதிர்பார்க்கும் எல்லாவற்றையும் 'பிகின் ரொட்டீன்' பகுதியில் இரண்டு மூன்று வரியாக எழுதுங்கள்: 'விடை' என்பது இந்த விசைப்பலகை, 'கட்டம்' என்பது இந்த மாறி என்று. கீழே உள்ள கோடெல்லாம் 'விடை', 'கட்டம்' என்ற பெயர்களை மட்டுமே பேசட்டும். ஒட்டிய பிறகு திருத்த வேண்டிய இடம் அந்த இரண்டு மூன்று வரிகளாகச் சுருங்கிவிடும்.

12. இவ்வளவு எதுக்கு, பழைய ஃபோல்டரையே மொத்தமா காப்பி பண்ணி பேர் மாத்திட்டா?

உள்ளூரில் மட்டும் ஓட்டுவதானால் அதுவே பல நேரம் வேகமான வழி. பழைய 'டேட்டா' ஃபோல்டரை அழித்துவிட்டு, செட்டிங்ஸில் சோதனையின் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். தரவுக் கோப்பின் பெயர் அதிலிருந்துதான் வருகிறது.

பாவ்லோவியாவில் (சைக்கோபை சோதனைகளை ஆன்லைனில் ஓட்டும் தளம்) ஏற்றிய சோதனை என்றால் கவனம். அந்த ஃபோல்டருக்குள் புள்ளியில் தொடங்கும் 'கிட்' என்ற மறைந்த ஃபோல்டர் இருக்கும், பழைய திட்டத்தின் முகவரி அதில்தான் இருக்கிறது. அதோடு சேர்த்து நகலெடுத்து 'சிங்க்' கொடுத்தால், புதிய சோதனை பழைய திட்டத்தின் மேல் போய் விழும். பழையதில் தரவு சேகரிப்பு நடந்துகொண்டிருந்தால் பங்கேற்பாளர்கள் திடீரென்று வேறு சோதனையைப் பார்ப்பார்கள். நகலில் அந்த மறைந்த ஃபோல்டரை அழித்த பிறகே முதல் சிங்க். புதியதைப் பழைய ஃபோல்டருக்குள் உள்ஃபோல்டராக வைத்தாலும் இதே கதைதான்.

13. கம்ப்யூட்டர்ல ஓடுது, ஆன்லைன்ல ஏத்தினா 'லோடிங்'லயே நிக்குது.

நகலெடுத்த ரொட்டீன்களில் இதற்குப் பொதுவான காரணம் கோப்புகள் போய்ச் சேராததுதான். கோப்பின் பெயர் மாறியிலிருந்து வந்தால் (கேள்வி 10-இன் உள் லூப் அப்படிப்பட்டது) எதையெல்லாம் ஏற்ற வேண்டும் என்று பில்டரால் முன்கூட்டி ஊகிக்க முடியாது. செட்டிங்ஸின் ஆன்லைன் பகுதியில் 'அடிஷனல் ரிசோர்சஸ்' பட்டியலில் அவற்றைச் சேருங்கள். அங்கே பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுவேறு. விண்டோஸில் ஓடிய பெரிய எழுத்து 'ஜேபிஜி' நீட்டிப்பு ஆன்லைனில் கிடைக்காமல் போகும்.

அடுத்து கோட் காம்பொனென்ட்டின் வகை. 'பைதான்' மட்டும் என்று இருந்தால் ஆன்லைனில் அது ஓடவே ஓடாது. 'ஆட்டோ' என்று மாற்றி, வலப்பக்கம் வரும் ஜாவாஸ்கிரிப்ட்டை (உலாவியில் ஓடும் மொழிபெயர்ப்பு) ஒரு முறை படியுங்கள். நம்பை போன்ற பைதான் நூலகங்களைக் கூப்பிடும் வரி எந்த வகையிலும் அங்கே வேலை செய்யாது.

14. சீனியரோட ஃபைல் பழைய வெர்ஷன்ல செஞ்சது. அதுலேர்ந்து எடுத்தா ஒத்துவருமா?

பழையதைப் புதிய பதிப்பில் திறப்பது பெரும்பாலும் பிரச்சினையில்லை. புதியதைப் பழைய பதிப்பில் திறந்தால், தெரியாத அமைப்பு என்று எச்சரிக்கும். சேமிப்பதற்கு முன் நகல் வைத்துக்கொள்ளுங்கள். தரவு சேகரிப்பு தொடங்கிய பழைய சோதனையைப் புதிய பதிப்பில் திறந்து பார்த்துவிட்டு, தெரியாத்தனமாகச் சேமித்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. செட்டிங்ஸில் 'யூஸ் வெர்ஷன்' என்ற இடத்தில் பதிப்பு எண்ணைப் பதித்துவைத்தால் அந்தப் பதிப்பின்படி ஓடும். ஆனால் நகல் எடுக்கும்போது அந்த எண்ணும் செட்டிங்ஸோடு அங்கேயே தங்கிவிடும்.

15. பில்டர் எழுதித் தர்ற பைதான் ஃபைல்ல திருத்தி வச்சிருக்கேன். அதை அடுத்த எக்ஸ்பெரிமென்ட்டுக்கு பில்டர்ல எடுக்கலாமா?

முடியாது. பில்டரிலிருந்து பைதானுக்கு ஒருவழிப் பாதை. 'லாஸ்ட்ரன்' என்று முடியும் கோப்பில் திருத்தியிருந்தால் இன்னும் மோசம், அடுத்த முறை ஓட்டும்போதே அது அழிந்து புதிதாக எழுதப்படும். அந்த வரிகளைக் கோட் காம்பொனென்ட்டுக்கு மாற்றுங்கள். உள்ளூரில் மட்டும் ஓடும் சோதனைகளில் பொதுவான செயற்கூறுகளைத் தனிப் பைதான் கோப்பில் வைத்து, 'பிஃபோர் எக்ஸ்பெரிமென்ட்' பகுதியில் இம்போர்ட் செய்யலாம். கோப்பை ஒவ்வொரு ஃபோல்டரிலும் வைக்க வேண்டும்.

16. லூப்போட, ஃப்ளோவோட பத்துப் பதினஞ்சு ரொட்டீன் மாத்தணும். ஒவ்வொண்ணா கிளிக் பண்றதைத் தவிர வழியே இல்லையா?

இருக்கிறது. சைஎக்ஸ்ப் கோப்பு உள்ளே வெறும் எக்ஸ்எம்எல். எழுத்துத் தொகுப்பியில் திறந்தால் செட்டிங்ஸ், ரொட்டீன்ஸ், ஃப்ளோ என்று மூன்று பகுதி தெரியும். ரொட்டீன்ஸ் பகுதியிலிருந்து வேண்டிய ரொட்டீன்களைத் தொடக்கக் குறியிலிருந்து முடிவுக் குறிவரை வெட்டி, புதிய கோப்பின் அதே பகுதியில் வையுங்கள். ஃப்ளோவில் லூப் இரண்டு துண்டாக இருக்கும், 'லூப் இனிஷியேட்டர்' ஒன்று, 'லூப் டெர்மினேட்டர்' ஒன்று. இரண்டையும், நடுவில் வரும் ரொட்டீன் பெயர்களையும் சேர்த்தே நகர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் நகர்த்தினால் ஃப்ளோ குலைந்துவிடும்.

இப்படிச் செய்யும்போது யாரும் _2 போட்டுத் தரமாட்டார்கள், பெயர் மோதல் அப்படியே உள்ளே போகும். ஆகவே வெட்டும் முன்பே மூலக் கோப்பின் நகலில் பெயர்களையெல்லாம் பணியின் முன்னொட்டோடு மாற்றிவிடுங்கள். பில்டர் மூடியிருக்கும்போதுதான் திருத்த வேண்டும், திறந்திருந்தால் அது தன் நினைவில் உள்ளதை மேலே சேமித்துவிடும். இரண்டு கோப்பின் தொடக்கத்திலும் உள்ள சைக்கோபை பதிப்பு எண் ஒன்றாக இல்லையென்றால், முதலில் இரண்டையும் ஒரே பதிப்பில் திறந்து சேமித்துவிட்டு வாருங்கள்.